அரைச் சாண் தண்ணீருக்கு ஒரு விருது

காவிரிப் படுகைத் திரைக்கலை மதிப்பீட்டு மன்றத்தில் கண்ணுசாமிக்கு இடம் கிடைத்ததற்கு ஒரே காரணம், அவன் சினிமா பார்க்காதவன் என்பது. அது முழு உண்மை அல்ல. அவன் ஒரு படம் பார்த்திருந்தான்.

மன்றம் தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. கீழே பந்தி நடக்கும் நாள்களில் மேலே கலை விவாதம் சாம்பார் வாசனையோடு நடக்கும். அந்தந்த ஆண்டு வந்த படங்களில் எது சிறந்தது என்று முடிவு செய்து, பித்தளையில் வார்த்துத் தங்க முலாம் பூசிய நெற்கதிர் ஒன்றை அதற்குக் கொடுப்பது மன்றத்தின் வேலை. தலைவர் ராஜராஜன் ஓய்வு பெற்ற பாசனப் பொறியாளர். பணியில் இருந்தவரை எந்த ஊருக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைத்து விட்டவர். ஓய்வு பெற்றபின் முறை வைக்க வேறெதுவும் கிடைக்காமல் சினிமாவுக்கு வைத்தார்.

விதிகளை அவரே எழுதினார். ஆனி முதல் புரட்டாசி வரை வெளிவந்தவை குறுவைப் படங்கள். ஐப்பசி முதல் தை வரை வந்தவை சம்பா படங்கள். மற்றவை உளுந்து, பயறு மாதிரி. வந்தால் லாபம், கணக்கில் சேராது. குறுவை குறுகிய காலப் பயிர் என்பதால் குறுவைப் படம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஆடியில் வெளியான மூன்று மணி நேரப் படம் ஒன்று இந்த விதியில் அடிபட்டது. தயாரிப்பாளர் சென்னையிலிருந்து போன் செய்து காரணம் கேட்டார். குறுவை வயலில் யார் உங்களைச் சம்பா விதைக்கச் சொன்னது என்று தலைவர் திருப்பிக் கேட்டார். அதன்பின் அவர் போன் செய்யவில்லை.

குழுவில் ஆற்றுத் தண்ணீர் முதலில் பாயும் தலைமடைக்கு இரண்டு இடம், நடுமடைக்கு ஒன்று, கடைசியில் எட்டும் கடைமடைக்கு ஒன்று. தலைமடையின் இரண்டு இடங்களிலும் தலைவரும் செயலாளரும் இருந்தார்கள். கடைமடை உறுப்பினர் இறந்துபோய் இரண்டு ஆண்டுகள் யாரும் கவனிக்கவில்லை. அவர் ஓட்டு எப்போதும் பெரும்பான்மையோடு சேர்ந்தே விழுந்துகொண்டிருந்தது.

மண்டபத்தில் நடந்த ஒரு உறவினர் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணுசாமி கை கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் குழாயில் நின்றவர் ஊர் எது என்று கேட்டார்.

"பேராவூரணிக்குக் கிழக்கங்க."

"கடைமடையா?"

"கடைமடைக்கும் கடைசிங்க."

"சினிமா பார்ப்பீங்களா?"

"நேரமே கெடைக்கிறதில்லீங்க."

ராஜராஜன் ஈரக் கையாலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒருத்தரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றார்.

அவன் பார்த்திருந்த அந்த ஒரு படத்தின் பெயர் 'அரைச் சாண் தண்ணீர்'. கூத்தாநல்லூர்க்காரப் பையன் ஃபாஜில் கண்ணுசாமியின் ஊரான கோரைமடையில் தங்கி எடுத்தது. தியேட்டரில் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அவன் படத்தை ஊருக்கே கொண்டுவந்து, பள்ளிக்கூட மைதானத்தில் வேட்டியைக் கட்டிப் போட்டுக் காட்டினான். ஊரே பார்த்தது. அய்யாவு மட்டும் பாதியில் தூங்கிப்போனார். அவர் கண்ணுசாமிக்கு மாமா முறை. விழித்திருக்கும் நேரத்தில் ஊருக்குப் பெரிய மனிதர்.

படம் கோரைமடை மதகைப் பற்றியது. கிளை வாய்க்கால் ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு இரும்பு ஷட்டர். ஒருபக்கம் இற்றுப்போய், தரையிலிருந்து அரைச் சாண் உயரத்தில் கோணலாகச் சிக்கி நின்றது. தண்ணீர் வேண்டும்போது திறக்காது. வெள்ளம் வரும்போது மூடாது. ஆற்றில் எவ்வளவு வந்தாலும் ஊருக்கு அரைச் சாண். மழைக்காலத்தில் அந்த அரைச் சாணே வயலை மூழ்கடிக்கப் போதும். கண்ணுசாமி மனு கொடுக்க ஆரம்பித்தபோது அவனுக்குத் தலையில் முடி இருந்தது.

அவன் குழுவில் சேர்ந்ததும் ஊர் கூடிப் பேசியது. மன்றத்தின் விதிப்படி விருது விழா படம் எடுத்த ஊரில்தான் நடக்க வேண்டும். விழா என்றால் மந்திரி வருவார். ஒரு மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்காகப் பக்கத்து ஊருக்கு மூன்றே நாளில் தார் ரோடு வந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

"மந்திரிகூட வேணாம் மாப்ள, மந்திரி கார் வந்தாப் போதும்" என்றார் அய்யாவு. "கார் வர ரோடு போடுவான். ரோடு போட வந்தவன் மதகைப் பாக்காமலா போயிடுவான்?"

"பாக்காமத்தான் போவான். இவ்வளவு நாளும் அதத்தானே பண்றான்" என்றாள் கண்ணுசாமியின் மனைவி வேம்பு. அவள் சொன்னது சரியாக இருந்ததால் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எப்படியாவது படத்துக்கு விருது வாங்கிவிட வேண்டும், ஊரைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

முதல் கூட்டத்தில் செயலாளர் எழில்மொழி அவனுடைய சட்டைக் கையை மடித்துப் பார்த்தார். அவர் தலைமையாசிரியையாக இருந்தவர். பரீட்சைப் பறக்கும் படையில் பல வருஷம் போனவர். உலகத்தில் எல்லோரும் எங்கேயோ ஒரு துண்டுச் சீட்டை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவர் அனுபவம். கண்ணுசாமியிடம் சீட்டு இல்லை என்றதும் அவருடைய சந்தேகம் அதிகமானது.

எந்தப் படத்தையும் முன்பே பார்க்கவில்லை என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. கண்ணுசாமி தயங்கினான். தயக்கம் அடக்கம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. தலைவர் விளக்கினார்:

"காசு கொடுத்துப் பார்த்தவன், போன காசுக்காக மோசம்பான், இல்லேன்னா போட்ட காசுக்காக பிரமாதம்பான். ஓசியில பார்த்தவன் நன்றிக்காகப் பேசுவான். ரெண்டு பேரும் நமக்கு ஆக மாட்டாங்க. பார்க்காதவன் ஒருத்தன்தான் நடுநிலை."

நடுமடை உறுப்பினர் பக்கீர் முகம்மது, மலேசியாவில் கடை வைத்திருந்து திரும்பியவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எடுத்தவங்களும் பார்க்காம எடுத்திருந்தா இன்னும் சுத்தமா இருந்திருக்கும் தலைவரே" என்றார். தலைவர் ஒரு நொடி யோசித்துவிட்டு, நல்ல ஆலோசனை, அடுத்த ஆண்டு விதிகளில் சேர்க்கலாம் என்று குறித்துக்கொள்ளச் சொன்னார்.

பக்கீர் முகம்மது கூத்தாநல்லூர்க்காரர் என்பதால் ஃபாஜில் அவருக்கு உறவா என்று எழில்மொழி விசாரித்தார். உறவில்லை, ஒரே ஊர், அவ்வளவுதான் என்றார் அவர். "ஒரே ஊருங்கிறதாலயே எனக்குப் பிடிக்காமப் போக நிறைய வாய்ப்பிருக்கும்மா" என்று ஆறுதலும் சொன்னார்.

இரண்டாவது கூட்டத்தில் படங்களைப் பார்த்தார்கள். முழுப் படத்தையும் பார்ப்பது அதற்கு வசப்படுவதில் முடியும் என்பதால், நெல் மூட்டையில் குத்தூசி போட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுப்பதுபோல, ஒவ்வொரு படத்திலும் நடுவிலிருந்து பத்து நிமிடம். இருட்டில் யாராவது யாருக்காவது சைகை காட்டலாம் என்று விளக்குகள் எரிந்தன. இசை காதுக்குக் கொடுக்கும் லஞ்சம் என்பதால் சத்தம் அணைக்கப்பட்டது. நாற்காலிகள் எதிரும் புதிருமாகப் போடப்பட்டன. இரண்டு பேர் திரையைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். யார் முகம் எந்த இடத்தில் மாறுகிறது என்று பிறகு விசாரணை.

'வெட்டரிவாள் வேந்தன்' படத்தில் எடுத்த பத்து நிமிடமும் நாயகர் நடந்துகொண்டிருந்தார். மெதுவாக நடந்தார். பின்னால் ஏதோ வெடித்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தார். 'நடை திருப்தி' என்று குறிப்பு எழுதப்பட்டது. 'உன் வாசலில் ஒரு வைஃபை' என்ற காதல் படத்தில் குத்தூசி இடைவேளையில் போய் விழுந்தது. முறுக்கு விளம்பரமும் புகை பிடிக்காதீர் என்ற எச்சரிக்கையும் வந்தன. இந்தக் காலத்தில் இவ்வளவு சமூக அக்கறையோடு யார் படம் எடுக்கிறார்கள் என்று எழில்மொழி நெகிழ்ந்தார். அவர் நெகிழ்ந்ததை எதிரில் இருந்த பக்கீர் முகம்மது குறித்துக்கொண்டார்.

கண்ணுசாமி பார்த்துக்கொண்டே இருந்தான். இதில் ஏதோ சூது இருக்கிறது, படித்தவர்கள் இவ்வளவு முட்டாள்தனமாக இருக்க முடியாது என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அவன் இதுவரை பார்த்த அலுவலகங்களில் எல்லாம் முட்டாள்தனத்துக்குப் பின்னால் ஒரு காரியம் இருந்தது. இங்கே அது எது என்றுதான் பிடிபடவில்லை.

பிறகு 'அரைச் சாண் தண்ணீர்' வந்தது. திரையைப் பார்ப்பது தலைவரும் அவனும். அவன் முகத்தைப் பார்ப்பது எழில்மொழி.

மழை. சத்தமில்லாத மழை. ஆள்கள் மணல் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மதகை நோக்கி ஓடுகிறார்கள். அது நடிப்பில்லை. ஃபாஜில் வந்திருந்த ஐப்பசியில் நிஜமாகவே வெள்ளம் வந்தது; ஊர் ஓடியது; அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினான். மூட்டையை வைக்க வைக்கத் தண்ணீர் பிடுங்கிக்கொண்டு போயிற்று. அன்றைக்குப் போன நாற்றுக்குப் பிறகு கண்ணுசாமி திரும்ப நடவு போடவில்லை. அவன் கண் கலங்கியது. அப்போது திரையின் குறுக்கே ஒரு முதுகு ஓடியது. முதுகில் பச்சைத் துண்டு, ஓரத்தில் சைலன்சர் பட்டுக் கருகிய ஓட்டை. அந்தத் துண்டு இப்போது அவன் தோளில் கிடந்தது.

கண்ணுசாமி துண்டை மெல்ல இழுத்து மடித்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

நல்லவேளை, எல்லோரும் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படத்தை நிறுத்தச் சொல்லி அவர் எழுந்து நின்றிருந்தார். மதகுச் சுவரில் பதித்த கல்வெட்டு திரையை நிறைத்து நின்றது. 'புனரமைப்பு: பொறியாளர் ராஜராஜன்.' அவர் முகம் மலர்ந்தது. எழுத்து நன்றாக விழுந்திருக்கிறது, பையன் விவரமானவன் என்றார். மேலே ஓட்டச் சொன்னார். கேமரா கல்வெட்டிலிருந்து விலகியது. அதற்குக் கீழே ஷட்டர் ஒற்றைக் கையில் தொங்கும் ஆளைப்போலக் கோணிக்கொண்டு நின்றது.

தலைவர் உட்கார்ந்தார். பிறகு பத்து நிமிடம் முடியும்வரை அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அதைவிடச் சந்தேகத்துக்கு இடமான முகத்தைக் கண்ணுசாமி பார்த்ததில்லை. காரியம் எது என்று இப்போது பிடிபட்டது.

விவாதம் ஆரம்பித்ததும் எழில்மொழி கண்ணுசாமியின் கண் கலங்கியதை எழுப்பினார். கீழே மிளகாய் தாளிக்கிறார்கள் என்று அவன் சொன்னான். எல்லோரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். கல்யாண வீடு அவனைக் காப்பாற்றியது.

தலைவர் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"அந்த ஷட்டரை நான்தான் போட்டேன். வேலை திருப்திகரமா முடிஞ்சதுன்னு நானே கையெழுத்துப் போட்டு, நானே சரிபார்த்து, நானே ஒப்படைச்சேன். மூணு கட்டமும் சுத்தம். சான்று கொடுத்த ஷட்டர் உடையாது. உடைஞ்சா அந்தச் சான்று பொய்யின்னு ஆகும். அரசாங்கச் சான்று பொய்யாக முடியாது. அப்ப படத்துல நாம பார்த்தது என்ன?"

"உடைஞ்ச ஷட்டருங்க" என்று கண்ணுசாமி வாய்விட்டுவிட்டான். "அது உடைஞ்சுதான் கெடக்கு."

எழில்மொழி மெல்லத் திரும்பினார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

கீழே நாதஸ்வரம் நின்று கெட்டிமேளம் கொட்டியது. கண்ணுசாமிக்கு வழி தெளிவாகத் தெரிந்தது. என் ஊர் என்றால் தன் ஊர்ப் படத்துக்காக வந்தவன் என்பார்கள், படம் தள்ளுபடி. படத்தைப் பார்த்திருக்கிறேன் என்றாலும் தள்ளுபடி. தெரியாது என்றால் படம் பிழைக்கும், ஷட்டர் நல்ல ஷட்டர் ஆகிவிடும்.

"தெரியாதுங்க. பாக்க அப்படி இருந்துச்சு" என்றான்.

தள்ளுபடி செய்துவிடலாமா என்று எழில்மொழி கேட்டார். பக்கீர் முகம்மதுவுக்குச் சலித்துவிட்டது. "என்னத்துக்கு? உடையாத ஷட்டரை உடைஞ்சதா காட்டியிருக்கான். பெரிய கற்பனைதானே? சிறந்த கற்பனைப் படம்னு கதிரைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போவோம்."

அவருடைய கேலிகள் எல்லாம் ஆலோசனைகளாகக் குறிக்கப்படும் என்பதை அவர் மறந்திருந்தார். தலைவர் மேசையைத் தட்டினார். தள்ளிவிட்டால், உண்மையைக் காட்டியதால் தள்ளினார்கள் என்று ஊர் சந்தேகப்படும். விருது கொடுத்துவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது என்றார். ஏகமனதாக முடிவானது. கண்ணுசாமியும் கையெழுத்துப் போட்டான். எந்தப் பெயரில் விருது வந்தால் என்ன, மந்திரி கார் வந்தால் போதும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பேராவூரணி பஸ்ஸில் வந்தான்.

கார் வரவில்லை. கற்பனைப் படத்தின் ஊரும் கற்பனைதான், அதற்கு எப்படிப் போவது என்று தலைவர் கேட்டார். விழா மண்டபத்தின் மாடியிலேயே நடந்தது. கதிரை வாங்கிய ஃபாஜில், பட்டயத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "எந்த எடம் சார் கற்பனை?" என்று கேட்டான்.

"மொத்தமும்தான் தம்பி" என்று தலைவர் அவன் தோளைத் தட்டினார். "ரொம்ப அடக்கமா இருக்காதீங்க."

அடுத்த மனுநாளில் கண்ணுசாமி வழக்கம்போல மனுவோடு வரிசையில் நின்றான். பாசன அலுவலர் இந்தமுறை மனுவைப் படித்தார். அதுவே அவனுக்குப் பயமாக இருந்தது. அவர் விருது அறிவிப்பை எடுத்து மேசையில் வைத்து, இது உங்கள் கையெழுத்துதானே என்றார்.

"நல்ல ஷட்டர் இருக்குன்னு எங்க ஃபைல் சொல்லுது. உடைஞ்ச ஷட்டர் கற்பனைன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்ப அங்க நிக்கிறது சினிமா செட்டு. அரசாங்க வாய்க்கால்ல யாரைக் கேட்டு செட்டு போட்டு வச்சிருக்கீங்க?"

ஒரு வாரத்தில் செட்டை அகற்ற வேண்டும் என்று கோரைமடைக்கு நோட்டீஸ் வந்தது. மதகுச் சுவரில், தலைவர் பெயருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஊர் கண்ணுசாமியிடம் பேசுவதை நிறுத்தியது. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. அய்யாவு மட்டும் வீட்டுக்கே வந்து, "எவ்வளவு மாப்ள வாங்குன?" என்று நேராகக் கேட்டார்.

"வாங்கியிருந்தா இந்த ஓட்டைத் துண்டையா போட்டுக்கிட்டுத் திரியறாரு?" என்று வேம்பு உள்ளிருந்து கேட்டாள்.

கண்ணுசாமிக்கே இப்போது தன்மேல் சந்தேகம். படம் பிடித்ததால் கையெழுத்துப் போட்டானா, மதகுக்காகப் போட்டானா? மதகு இல்லையென்றால் அந்தப் படம் பிடித்திருக்குமா? அன்றைக்குக் கண் கலங்கியது மிளகாயினால்தானோ? வாய்க்கால் கரையில் போய் நின்று நோட்டீஸைத் திரும்பத் திரும்பப் படித்தான். இங்கே நிற்பது செட்டு. ஃபைலில் இருப்பது நல்ல ஷட்டர். அப்படியானால்...

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான்.

அரசாங்கத்துக்குச் சொந்தமான நல்ல இரும்பு ஷட்டர் ஒன்று காணாமல் போய்விட்டது, அந்த இடத்தில் யாரோ போலி ஷட்டரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று புகார் கொடுத்தான். ஆதாரமாக நோட்டீஸையும் விருது அறிவிப்பையும் காட்டினான். இன்ஸ்பெக்டர் முதலில் அவனைத்தான் சந்தேகப்பட்டார். பழைய இரும்புக் கடைகளில் விசாரித்தார். கோரைமடையில் யார் வீட்டிலாவது புதுப் பீரோ இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றும் கிடைக்காமல், காணாமல் போன பொருளைக் கடைசியாக நல்ல நிலையில் பார்த்தது யார் என்று தேடினார். ஃபைலில் கையெழுத்து ஒன்றுதான் இருந்தது. மூன்று இடத்திலும் அதே கையெழுத்து.

ராஜராஜன் வாடகைக் காரில் வந்தார். கோரைமடைப் பக்கம் வந்த முதல் கார் அதுதான். ரோடு இல்லாததால் பாதியில் இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார். நடை திருப்தியாக இல்லை. ஊர் முழுக்கக் கரையில் நின்றது.

"சார், இது செட்டா, உங்க ஷட்டரா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "செட்டுன்னா நீங்க போட்டது எங்கேன்னு நீங்க சொல்லணும். திருட்டு கேஸு."

தலைவர் ஷட்டரைப் பார்த்தார், கல்வெட்டைப் பார்த்தார். கூட்டத்தில் பச்சைத் துண்டோடு நின்ற கண்ணுசாமியை நெடுநேரம் பார்த்தார். படத்தில் ஓடிய அந்த முதுகை அவர் கண்டுகொண்டாரோ என்னவோ.

"நம்ம ஷட்டர்தான்" என்றார்.

கரையில் ஒரு விசில் கேட்டது. யாரோ கண்ணுசாமியின் தோளில் கை போட்டார்கள். அய்யாவு அவனுக்குப் பீடி நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து ஷட்டரை ஒருமுறை தட்டிப் பார்த்தார். துரு உதிர்ந்தது. "நம்மளதுன்னா, ஏன் உடைஞ்சிருக்கு? சான்று குடுத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு? அப்ப எவனோ உடைச்சிருக்கான்."

திருட்டு வழக்கு அரசாங்கச் சொத்தைச் சேதப்படுத்திய வழக்காக மாறியது. குற்றவாளி தெரியவில்லை, ஊரே சந்தேகத்தில் இருந்தது. ஷட்டர் இப்போது தொண்டிப் பொருள், வழக்குக்கு அதுதான் சாட்சி. மதகைச் சுற்றி நாடா கட்டி, வழக்கு முடியும்வரை யாரும் தொடவோ திறக்கவோ மூடவோ பழுது பார்க்கவோ கூடாது என்று பலகை வைத்தார்கள். மன்றம் அவசரமாகக் கூடி, படம் உண்மை என்று தெரியவந்ததால் கற்பனைக்கான விருதைத் திரும்பப் பெற்றது. கண்ணுசாமி அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அவன் ஓட்டு பெரும்பான்மையோடு விழுந்தது.

ஆனி பிறந்து ஆற்றில் தண்ணீர் வந்தது. நாடாவுக்கு வெளியே அய்யாவுவும் கண்ணுசாமியும் குந்தியிருந்தார்கள். ஷட்டருக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு நின்றது. இந்தப் பக்கம் அரைச் சாண் நழுவிப் போயிற்று.

"நான் பாதியில தூங்கிட்டேன் மாப்ள" என்றார் அய்யாவு. "அந்தப் படம் கடைசியில எப்படி முடியும்?"

"ஷட்டரைத் தூக்கிடுவாங்க மாமா. ஊருக்குள்ள தண்ணி வந்துடும்."

அய்யாவு பீடியைக் கரையில் தேய்த்து அணைத்தார்.

"அப்ப விருது சரியாத்தான் குடுத்துருக்காங்க" என்றார்.